குப்பைக்கூடைக்குள் ஒரு முனைவர் பட்டம்

ஷேக்ஸ்பியரின் நாயகிகளைச் சாவிலிருந்து மீட்கும் பெண்ணிய நகைச்சுவை. ஆன்-மேரி மெக்டொனால்டின் ‘குட்நைட் டெஸ்டிமோனா (குட்மார்னிங் ஜூலியட்)’ நாடகத்தை யாருக்காவது அறிமுகப்படுத்த நேர்ந்தால் இப்படிச் சொல்லித்தான் தொடங்குவோம். பொய்யில்லை. ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறவருக்கு நாடகத்தின் பாதி கண்ணில் படாது. மீட்கப்பட்ட டெஸ்டிமோனா பின்னால் தலையணையை எடுத்துக்கொண்டு இன்னொரு பெண்ணைக் கொல்ல வருகிறாள். மீட்கப்பட்ட ஜூலியட்டுக்கோ திருமணமான மறுநாள் காலையிலேயே ரோமியோ அலுத்துப்போகிறான். இவர்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று கைதட்டுவதா, வேறு எதையோ பார்க்கச் சொல்கிறார்களா என்பதுதான் இந்த இதழின் நாடகப் பக்கங்களைத் திட்டமிடும்போது எங்களுக்குள் எழுந்த வாக்குவாதம்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியை கான்ஸ்டன்ஸ் லெட்பெல்லி. ‘ஒதெல்லோ’வும் ‘ரோமியோ ஜூலியட்’டும் வேறொரு பழைய சுவடியில் நகைச்சுவை நாடகங்களாக இருந்தவை, ஷேக்ஸ்பியர் அவற்றிலிருந்த கோமாளியை நீக்கிவிட்டுத் துன்பியல் ஆக்கிவிட்டார் என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. துறையில் யாரும் மதிப்பதில்லை. அவள் மனதுக்குள் காதலிக்கும் பேராசிரியர் கிளாட் நைட்டின் கட்டுரைகளை எழுதித் தருவதும் அவள்தான், பெயர் அவருடையது. அவள் எதிர்பார்த்திருந்த ஆக்ஸ்ஃபோர்டு வேலையை அவர் எடுத்துக்கொள்கிறார், ஒரு மாணவியோடு நிச்சயமும் ஆகிவிடுகிறது. (இதைக் கேட்டதும் நம் வாசகர்களில் சிலர் சிரிப்பார்கள், சிலருக்குச் சிரிப்பு வராது. அதனால் இந்தப் பகுதியை விளக்கப்போவதில்லை.) எல்லாவற்றையும் குப்பைக்கூடையில் போடும்போது கூடை அவளையே இழுத்துக்கொள்கிறது. விழுகிற இடம் சைப்ரஸ். ஒதெல்லோவின் மனதில் இயாகோ சந்தேக நஞ்சை ஊட்டிக்கொண்டிருக்கும் அதே காட்சி. டெஸ்டிமோனாவின் கைக்குட்டை இயாகோவிடம் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறாள், துன்பியல் அங்கேயே முறிகிறது. பிறகு வெரோனா. அங்கே இவளை ஆண் என்று நினைத்து ரோமியோவும் காதலிக்கிறான், ஜூலியட்டும் காதலிக்கிறாள்.

1988இல் டொரோண்டோவின் நைட்வுட் தியேட்டர் இதை மேடையேற்றியது. 1979இல் தொடங்கிய பெண்ணிய நாடகக் குழு அது. இயக்கியவர் பனுட்டா ரூபெஸ். 1990இல் கனடாவின் கவர்னர் ஜெனரல் விருது. அதன்பின் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் ஏறிவிட்டது. பாடமான நாடகத்துக்கு நேர்வது இதற்கும் நேர்ந்தது: எந்தக் கேலியைத் துறைகளின் மேல் வீசியதோ, அந்தத் துறைகளே அதற்கு மதிப்பெண் போடுகின்றன.

கான்ஸ்டன்ஸின் ஆய்வு கிறுக்குத்தனமாகத் தோன்றும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவள் கேட்கும் கேள்வி கிறுக்கல்ல. ஒரு கைக்குட்டை யாரிடம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால் டெஸ்டிமோனா பிழைத்திருப்பாள். ஜூலியட்டை மணந்துவிட்டேன் என்று ரோமியோ டிபால்ட்டிடம் வாய் திறந்திருந்தால் சண்டையே இல்லை. ஆள்மாறாட்டமும் கைமாறிய பொருளும் வந்து சேராத கடிதமும் நகைச்சுவையின் சரக்கு. இதை முதலில் கண்டவர் மெக்டொனால்டும் இல்லை. 1693இலேயே விமர்சகர் தாமஸ் ரைமர், ஒரு கைக்குட்டைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று ‘ஒதெல்லோ’வைக் கிழித்திருக்கிறார். அதற்குச் சற்று முன்பு, இங்கிலாந்தில் மன்னராட்சி மீண்ட காலத்தில், ஜேம்ஸ் ஹோவர்ட் என்பவர் காதலர்கள் உயிரோடிருக்கும்படி ‘ரோமியோ ஜூலியட்’டை மாற்றி எழுத, ஒரு நாள் சாவும் மறுநாள் வாழ்வுமாக மாறிமாறி நடித்தார்கள். 1979இல் ஆய்வாளர் சூசன் ஸ்னைடர் இந்தத் துன்பியல்களுக்குள் கிடக்கும் நகைச்சுவை அச்சைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கான்ஸ்டன்ஸ் அதைப் படித்திருந்தால் துறையில் கொஞ்சம் துணிச்சலாகப் பேசியிருக்கலாம்.

இன்னொன்று. கோமாளி அந்த நாடகங்களில் இல்லாமலே போய்விடவில்லை. ‘ஒதெல்லோ’வின் மூன்றாம் அங்கத்தில் இரண்டு முறை ஒரு கோமாளி வருகிறான். இயக்குநர்கள் பெரும்பாலும் முதலில் வெட்டுவது அவனைத்தான். ‘ரோமியோ ஜூலியட்’டில் ஜூலியட் இறந்துவிட்டாள் என்று வீடே அலறிக்கொண்டிருக்கும்போது, பீட்டர் என்ற வேலைக்காரன் கல்யாணத்துக்கு வந்த வாத்தியக்காரர்களோடு வம்புக்கு நிற்கிறான். கூத்தில் துகிலுரிதலுக்கு நடுவில் கட்டியங்காரன் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் விபரீதம் ஒன்றும் தெரியாது. இங்கே அச்சுப் பிரதி ஒரு வேடிக்கை காட்டுகிறது. 1599இல் வெளியான பதிப்பில், பீட்டர் மேடைக்கு வரவேண்டிய இடத்தில் ‘வில் கெம்ப் வருகிறார்’ என்று இருக்கிறது. கெம்ப் ஷேக்ஸ்பியர் குழுவின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். பாத்திரத்தின் பெயருக்குப் பதில் கோமாளியின் சொந்தப் பெயரே கைப்பிரதியிலிருந்து அச்சுக்கு நழுவி வந்துவிட்டது. ஏறத்தாழ அதே சமயத்தில் கெம்ப் குழுவைவிட்டு விலகினார். 1600இல் லண்டனிலிருந்து நாரிச் வரை ஆடிக்கொண்டே போனார். பின்னால் வந்த தலைமுறைகள் அவர் நின்ற காட்சியையும் மேடையிலிருந்து இறக்கிவிட்டன. கான்ஸ்டன்ஸ் வைத்திருக்கும் ரகசியச் சுவடி கற்பனை. இந்த 1599 பிரதி கற்பனை இல்லை. நாடகத்தைப் பாடம் நடத்துகிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

நாயகிகளின் விஷயத்துக்கு வருவோம். சைப்ரஸில் கான்ஸ்டன்ஸ் சந்திக்கும் டெஸ்டிமோனா வாளெடுக்கத் துடிப்பவள், ரத்தக் கதை கேட்டால் கண் விரிப்பவள். இருபதாம் நூற்றாண்டு ஆசை ஒன்றை மெக்டொனால்ட் அவள்மேல் ஏற்றிவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும். வீட்டு வேலையை அவசரமாக முடித்துவிட்டு அவனுடைய போர்க் கதைகளை விழுங்கியவள் அவள் என்று ஒதெல்லோவே வெனிஸ் சபையில் சொல்கிறான். தன்னையும் போர் நடக்கும் இடத்துக்கு அனுப்பும்படி அவள் அதே சபையில் வாதாடுகிறாள். சைப்ரஸ் கரையில் அவளைப் பார்த்ததும் அவன் வீராங்கனை என்றுதான் அழைக்கிறான். இத்தனையையும் தாண்டி, வெள்ளை இரவு உடையில் கிடக்கும் பலியாடு ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது மேடை மரபும் வாசக மரபும். ஜூலியட்டும் அப்படியே. பதினான்கு வயது முடியாத அந்தப் பெண், காதலித்தவனின் பெயர் தெரிவதற்கு முன்பே கல்லறையைப் பற்றிப் பேசுகிறாள். அவளுக்குச் சாவின் மேல் ஒரு கண் என்று மெக்டொனால்ட் காட்டுவது மூலத்திலிருந்து எடுத்ததுதான்.

ஆகவே நாயகிகள் இங்கே திருத்தப்படவில்லை. அவர்களிடம் இருந்தது இருந்தபடியே ஓடவிடப்படுகிறது. ஒதெல்லோ தப்பித்ததும் இயாகோ டெஸ்டிமோனாவின் காதைப் பிடிக்கிறான். அவன் சொல்லும் பழைய பொய்களில் ஆள் மட்டும்தான் மாறுகிறது. சந்தேகப்பட்டு, ஆத்திரப்பட்டு, பழிவாங்கக் கிளம்புவது இப்போது அவள். இந்தப் பகுதியை ‘ஒதெல்லோ’வின் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியோடு வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் நாடகத்தின் கூர்மை தெரியும். நம்பிக் கெடுவது பெண்மையின் தூய்மை என்றும், சந்தேகித்துக் கெடுவது ஆண்மையின் உயரம் என்றும் பிரித்து வைத்திருந்த விமர்சனத்துக்கு அங்கே நிற்க இடமில்லை.

வெரோனா அங்கம் இந்த அளவுக்கு இறுகவில்லை. ஆமை ஒன்றை இழுத்துப் பிய்க்கும் சண்டை, உடை மாற்றம், கட்டில் குழப்பம் என்று கேலிக்கூத்தாகச் சரிகிறது. சிரிக்கலாம், ஆனால் சிந்தனை பின்தங்கிவிடுகிறது. தான் தேடிய சுவடியின் ஆசிரியரும் காணாமல்போன கோமாளியும் தானே என்று கான்ஸ்டன்ஸ் உணரும் இடத்தில் மட்டும் மறுபடி நிமிர்கிறது. கடைசியில் அவளுடைய பேனா பொன்னாவதை ரசவாதக் குறியீடு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். ஊதியமில்லாமல் அடுத்தவருக்கு எழுதிக்கொண்டிருந்த பேனா அது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்குத் தொண்டையில் சிக்கியது ஒதெல்லோ. டெஸ்டிமோனாவுக்கு இவ்வளவு இடம் கொடுத்த நாடகம் அவனை வாய்ச்சவடால் வீரனாக்கி ஓரமாக உட்கார வைக்கிறது. அவன் கறுப்பன் என்பது ஏறத்தாழ உதிர்ந்துபோகிறது. இதே நைட்வுட் குழு 1997இல் ஜானெட் சியர்ஸின் ‘ஹார்லெம் டூயெட்’டை மேடையேற்றியது. ஒதெல்லோ வெள்ளைப் பெண்ணுக்காக விட்டுப் போகும் கறுப்பு மனைவி பில்லியின் கதை அது; அதுவும் கவர்னர் ஜெனரல் விருது பெற்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்காத பாடத்திட்டம் அரைகுறை என்பது எங்கள் கருத்து.

மேடையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். மொத்தப் பாத்திரங்களையும் ஐந்து நடிகர்கள் பகிர்ந்துகொள்ளும்படி நாடகம் எழுதப்பட்டிருக்கிறது. கிளாட் நைட்டாக வருபவர்தான் ஒதெல்லோவாகவும் வருவார். டிபால்ட்டும் செவிலித்தாயும் அவரே. கட்டுரை திருடிய பேராசிரியரையும் ஏமாந்த தளபதியையும் ஒரே உடலில் பார்க்கிறார்கள் பார்வையாளர்கள். அந்த நடிகர் வெள்ளையர் என்றால் ஒதெல்லோ வேறொருவன் ஆகிவிடுகிறான். கறுப்பர் என்றால் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகும் கிளாட் நைட் வேறொருவர் ஆகிவிடுகிறார்.