விளையாட்டு வினையாகக் கூடாது

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் மும்பை வாழ் தமிழர் இல்லங்களில் புதியதொரு கோரிக்கை எழுகிறது. டாக்டர், இன்ஜினீயர், ஆடிட்டர் என்ற வரிசையில் ‘கேம் டிசைன்’ என்ற படிப்பும் சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆடும் விளையாட்டுகளை உருவாக்கக் கற்றுத் தரும் படிப்பு இது. அதையும் வெளிநாட்டில்தான் படிப்பேன் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். தாராவியிலும் டோம்பிவிலியிலும் வாழும் தொழிலாளியும் குமாஸ்தாவும் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் திகைக்கிறார்கள். “விளையாட்டுக்கு ஒரு படிப்பா?” என்று சிலர் அதட்டி விடுகிறார்கள். வேறு சிலர் ஊரிலுள்ள நிலத்தை அடமானம் வைக்கக் கிளம்பி விடுகிறார்கள். இரண்டும் அவசர முடிவுகளே.

முதலில், இது சூதாட்டமல்ல. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் இயற்றியது. பணப் பந்தயம் இல்லாத விளையாட்டுகளை அந்தச் சட்டமே தனியாகப் பிரித்து ஊக்குவிக்கிறது. இது ஒரு நேர்மையான தொழில். ஒரு நகரத்தையே வாழவைத்த வரலாறும் இதற்கு உண்டு.

ஸ்காட்லாந்திலுள்ள டண்டீ நகரம், வங்கத்துச் சணலில் சாக்கு நெய்தே ஒரு காலத்தில் பிழைத்தது. கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் ஆலைகள் பெருகப் பெருக, டண்டீயின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பரேல், லால்பாக் ஆலைகளின் சங்கொலி அடங்கியதைக் கண்டவர்களுக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. டண்டீயிலிருந்த டைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலை 1980-களில் ஸ்பெக்ட்ரம் என்ற மலிவு விலைக் கம்ப்யூட்டரைத் தயாரித்தது. அங்கே வேலை இழந்த டேவிட் ஜோன்ஸ் என்ற இளைஞர், கைக்கு வந்த ஈட்டுத் தொகையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அவர் தொடங்கிய நிறுவனம் 1991-இல் ‘லெம்மிங்ஸ்’, 1997-இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ ஆகிய விளையாட்டுகளை உருவாக்கி உலகப் புகழ் பெற்றது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்றே உலகின் முதல் பட்டப்படிப்பை அதே 1997-இல் தொடங்கியது அவ்வூரின் அபர்டே பல்கலைக்கழகம்.

இந்த வரலாற்றில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே முதலில் வந்தது கைத்திறன். அடுத்து வந்தது தொழில். பட்டம் கடைசியில்தான் வந்தது. இன்றும் இத்துறையில் வேலை கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது சான்றிதழை அல்ல, விண்ணப்பித்தவர் தாமே செய்து முடித்த விளையாட்டுகளை. இதில் புரோகிராம் எழுதுவது ஒரு வேலை, படம் வரைந்து உருவம் சமைப்பது ஒரு வேலை, ஆட்டத்தின் விதிகளை வகுப்பது ஒரு வேலை. தன் பிள்ளை இவற்றில் எதற்குப் போகிறான் அல்லது போகிறாள் என்று பெற்றோர் கேட்க வேண்டும். அதற்குப் பதில் வராவிட்டால் பயணத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்.

அடுத்தது பணக் கணக்கு. டண்டீயில் உள்ளூர் மாணவருக்குப் பட்டப்படிப்புக் கட்டணத்தை ஸ்காட்லாந்து அரசே கட்டுகிறது. இந்திய மாணவரோ முழுக் கட்டணமும் செலுத்த வேண்டும். அதற்கு மேல், ஒன்பது மாதச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் மட்டும் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் இருப்புக் காட்டினால்தான் விசா. முப்பது லட்ச ரூபாய் கடனை 11 சதவீத வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 41,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. பையனுக்கு வேலை கிடைக்காவிட்டால் அந்தத் தவணை, ஜாமீன் கையெழுத்திட்ட தகப்பனாரின் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும்.

வேலை கிடைக்குமா? படிப்பு முடிந்து பிரிட்டனில் தங்கி வேலை தேட இரண்டாண்டு அவகாசம் உண்டு. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகக் குறையும் என்று அந்நாட்டு அரசு 2025-இல் அறிவித்தது. கனடாவிலோ, 2024 நவம்பர் 1-க்குப் பிறகு விசாவுக்கு விண்ணப்பித்துக் கல்லூரி டிப்ளமோ படிப்போர், அரசின் பட்டியலிலுள்ள பாடத்தைப் படித்திருந்தால்தான் பிறகு வேலை அனுமதி பெறலாம். தொழிலும் நெருக்கடியைச் சந்தித்திருக்கிறது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும், பிப்ரவரியில் சோனி 900 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. அனுபவசாலிகளே வேலை தேடும் சந்தையில் புதியவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விவரங்களை ஏஜெண்டுகள் தாமாகச் சொல்வதில்லை. மாணவரைச் சேர்த்துவிட்டால் கல்லூரி தரும் கமிஷனே பலருக்கு வருமானம். கனடாவுக்குப் போன பஞ்சாப் மாணவர்கள் பலர், ஏஜெண்டு கொடுத்த அனுமதிக் கடிதம் போலியானது என்பதால் நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளானது 2023-இல் பெரும் செய்தியாயிற்று. வளைகுடாவுக்குக் கூலி வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். மாணவரை அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டத்தில் கட்டுப்பாடு இல்லை. வாங்கும் கமிஷனையும், படிப்புக்குப் பிறகு வேலை அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் தரும்படி இவர்களைக் கட்டாயப்படுத்த மத்திய அரசு சட்டம் கொண்டுவர வேண்டும். இதில் தாமதம் கூடாது.

வெளிநாடு ஒன்றே வழியுமல்ல. தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனது பெங்களூர் வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனில் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. மும்பையிலேயே 2025-இல் இந்திய படைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டது. ‘கோடோ’ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளைக் காசில்லாமல் இறக்கிக் கொள்ளலாம்.

ஆகவே, ஆசைப்படும் பிள்ளையை அதட்ட வேண்டாம். ஓராண்டு அவகாசமும் ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் கொடுத்து, சிறியதாக ஒரு விளையாட்டையாவது செய்து முடிக்கச் சொல்லட்டும். அதை முடித்தவருக்குத் தன் தொழில் எது என்பது தெரிந்துவிடும். உதவித்தொகையோ, அடைக்கக்கூடிய அளவில் கடனோ கிடைத்தால் டண்டீக்கும் போகலாம், அதற்கப்பாலும் போகலாம். முடிக்க மனம் வராதவருக்காகச் சேமநிதியையும் மனைவியின் நகையையும் கரைப்பது அறிவுடைமை ஆகாது. விளையாட்டு வினையாகும் என்று பெரியோர் சொன்னது, கணக்குப் பார்க்காமல் இறங்குகிறவர்களை எண்ணித்தான்.