சாத்தூரில் இறங்காமல் அக்காவைப் பார்ப்பதா?

மதுரையில் ஏறினோம், இரண்டரை மணி நேரத்தில் பாளையங்கோட்டையில் இறங்கினோம் என்று பெருமையடித்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நான்குவழிச் சாலை வந்தது நல்லதுதான். சுமார் 160 கிலோமீட்டரை அந்தக் காலத்துப் பேருந்தில் குலுங்கிக் கடந்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சொந்தபந்தங்களைப் பார்க்கப் போகிற பயணத்தை ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது என்பது என் கட்சி.

என் மகன் எதிர்க்கட்சி. "வழியில நின்னா அத்தை வீட்ல இருக்கிற நேரந்தானப்பா குறையுது" என்பான். கணக்கு சரி. அந்த நேரத்தில் என்ன பேசுவோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? அக்காவுக்கு 82 வயது, எனக்கு 74. நேரே போய் இறங்கினால் சுகர் எவ்வளவு, மூட்டுவலி தேவலையா என்று பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அப்புறம் அவள் டிவியைப் பார்ப்பாள், பேரன் செல்போனைப் பார்ப்பான்.

போன தை மாதம் சாத்தூரில் பைபாஸை விட்டு ஊருக்குள் போய் அரைக் கிலோ காராச்சேவு வாங்கிப் போனேன். அக்கா பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே, "ஏ தம்பி, எந்தக் கடையில வாங்கின?" என்று கேட்டாள். ஒன்றை வாயில் போட்டு, பூண்டு பத்தாது என்று தீர்ப்பும் சொன்னாள். அத்தோடு விடவில்லை. அத்தான் சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியது, வாடகை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இவள் பெட்டி ஒட்டியது, விரலெல்லாம் பசை காய்ந்து சோறு பிசைய முடியாமல் போனது என்று கதை வளர்ந்தது. அந்தக் காசில்தான் எனக்குக் கல்லூரிப் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். எனக்குத் தெரிந்த கதைதான். என் மகன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். அத்தையின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எவ்வளவு சொல்லியிருந்தாலும் அது உபதேசமாகத்தான் போயிருக்கும்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால் இப்போது எல்லா ஊரிலும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். கோவில்பட்டியிலேயே இறங்கி வாங்குவதுதான் முறை. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் போனால் கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த வெட்டுவான் கோயில் முடிக்கப்படாமலே நிற்கிறது. ஏன் பாதியில் விட்டார்கள் என்று பேரன் கேட்டான். அப்பன் சிற்பிக்கும் மகன் சிற்பிக்கும் போட்டி என்று ஊரில் சொல்லும் கதையைச் சொன்னேன். மகன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

கயத்தாறிலும் இறங்க வேண்டும். 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது. அங்கே சிலை வைத்தவர் சிவாஜி கணேசன். படத்தில் கட்டபொம்மனாக நடித்தவரே சிலையும் வைத்திருக்கிறார் என்றால், நம் வயதுக்காரர்களுக்குப் பேச அது ஒன்று போதாதா?

கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் இப்போது காரை எடுக்கிறோம். அந்த அவசரத்தில் எங்கே இறங்குவது? ஒரு காரியமும் இல்லாத நாளில் கிளம்புங்கள்.

மகன் இன்னும் கணக்குத்தான் பார்க்கிறான். ஆனால் முன் சீட்டில் உட்காருவது நான். சாத்தூர் நெருங்கும்போது, "சுகர்காரன்டா, கொஞ்சம் இறங்கணும்" என்றால் வண்டி தானாக ஊருக்குள் திரும்பிவிடுகிறது.