கம்ப்யூட்டர் கலாட்டா: ரேம் படுத்தும் பாடு!

போன வாரம் சொன்ன மாதிரி கீ-போர்டைக் கவிழ்த்து, உள்ளே இருந்த முறுக்குத் தூளையெல்லாம் தட்டி எடுத்தாச்சா? குட். இந்த வாரம் சி.பி.யூ. டப்பாவையே திறக்கப் போறோம். பயப்படாதீங்க... நானே திறந்திருக்கேன்னா, யார் வேணும்னாலும் திறக்கலாம்!

முதல்ல ஒரு சோகக் கதை. ஹீரோ, எங்கப்பாவோட ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர். 2012-ல வாங்கினது. 'ஐ3-2100' பிராசஸர், 'எச்61' போர்டு, 2 ஜி.பி. ரேம். வில்லன்? வேற யாரு, நான்தான்.

2025 மே மாசம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து, இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் போட கூட்டம் அலைமோதுற நேரம். எங்க கடைக்கு வருஷத்துல அதுதான் தீபாவளி. ஒரு பொண்ணும் அவங்க அப்பாவும் மஞ்சப்பையில சர்டிஃபிகேட்டோட, ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாங்க. ஒரு பக்கம் பிரவுசர், இன்னொரு பக்கம் ஸ்கேன் பண்ணின மார்க் ஷீட்... ரெண்டையும் திறந்ததும் சிஸ்டம் உறைஞ்சு போச்சு. பணம் கட்டற பக்கம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தவர், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, அப்புறம் வர்றோம்"னு எழுந்தார். ஆனா, பஸ் ஸ்டாண்டுக்குப் போகலை. எதிர்க்கடைக்குப் போனார். அப்பா அதைப் பார்த்துக்கிட்டே நின்னார்.

சாயங்காலம் வந்த சர்வீஸ் அண்ணன், "இது தேறாதுண்ணே. புது சிஸ்டம் 28 ஆயிரத்துல முடிச்சுத் தர்றேன்"னார். அப்பா கையில அப்போ இருந்தது, என் செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்து வெச்ச பணம் மட்டும்தான்.

"அப்பா, நான் பார்த்துக்கறேன். ரேம்தான் பிரச்னை"ன்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு அதுல கொஞ்சம் பணத்தை வாங்கிட்டுப் போனேன். இ.சி.இ. படிக்கிற பையனாச்சே! கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டி.டி.ஆர். எத்தனை தம்பி?" எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்லவும் வெட்கம். "இப்ப எது நிறைய ஓடுதோ அதையே கொடுங்கண்ணே"ன்னேன். 8 ஜி.பி. டி.டி.ஆர்.4. 1,700 ரூபாய்.

வந்து ஸ்லாட்ல வெச்சு அழுத்தினா இறங்கலை. இன்னும் அழுத்தினேன். போர்டே லேசா வளைஞ்சுது. அப்பத்தான் பார்த்தேன், ரேமோட அடியில இருக்கிற வெட்டு ஓரிடத்துல, ஸ்லாட்ல இருக்கிற மேடு வேறிடத்துல! திரும்ப ஓடினா, 'பிரித்த பொருள் வாபஸ் இல்லை'ன்னு பில்லுலயே அச்சடிச்சிருக்கு. அவர் மேல தப்பில்லை. அவர் கேட்கத்தானே செஞ்சார்?

அந்த 1,700 ரூபாய்ல நான் கத்துக்கிட்டதை உங்களுக்கு இலவசமாத் தர்றேன். நோட்டு எடுத்துக்குங்க.

குற்றவாளி ரேம்தானா?

ரேம், எங்க கடை கவுன்ட்டர் மேஜை மாதிரி. ஹார்ட் டிஸ்க், பின்னாடி இருக்கிற பீரோ. மேஜை சின்னதா இருந்தா ஒரு ஃபைலை பீரோவுல வெச்சுட்டு வந்துதான் இன்னொன்னை விரிக்க முடியும். விண்டோஸும் அப்படித்தான். ரேம்ல இடம் பத்தலைன்னா, ஹார்ட் டிஸ்க்ல ஒரு மூலையை மேஜையா வெச்சு ஓட்டும். ஹார்ட் டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவு. அதனாலதான் அந்த 'சுத்தல்'.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா 'டாஸ்க் மேனேஜர்' வரும். தினமும் நீங்க செய்யற வேலையையெல்லாம் திறந்து வெச்சுக்கிட்டு, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துல 'மெமரி'யைப் பாருங்க. 90 சதவிகிதத்துக்கு மேலேயே நின்னா ரேம் பத்தலைன்னு அர்த்தம். மெமரி பாதிதான் நிறைஞ்சிருக்கு, ஆனா 'டிஸ்க்' 100-லயே நிக்குதா? அப்போ ரேம் நிரபராதி. அந்தக் காசுக்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்க.

இன்னொரு விஷயம். உங்க விண்டோஸ் 32-பிட்டா, 64-பிட்டான்னு 'சிஸ்டம்' பக்கத்துல பார்த்துடுங்க. 32-பிட்னா 4 ஜி.பி.க்கு மேல எவ்வளவு போட்டாலும் வீண். அந்த 4-லயும் கொஞ்சம் கழிஞ்சுதான் கைக்கு வரும்.

ஜாதகம் பார்க்கலாமா?

எந்த ரேம் பொருந்தும்னு முடிவு பண்றது உங்க ஆசையோ, பட்ஜெட்டோ இல்லை பாஸ், மதர்போர்டுதான். டி.டி.ஆர்.3 ஸ்லாட்ல 2-ம் ஏறாது, 4-ம் ஏறாது. வெட்டு இருக்கிற இடம் ஒவ்வொண்ணுக்கும் வேற. தேவைப்படற மின்சாரமும் வேற. டி.டி.ஆர்.2-க்கு 1.8 வோல்ட், 3-க்கு 1.5, 4-க்கு 1.2. தெரியாம மாத்திப் போட்டுடக் கூடாதுன்னுதான் வெட்டையே இடம் மாத்தி வெச்சிருக்காங்க. ஆக, ரேம் இறங்கலைன்னா அழுத்தாதீங்க... அது உங்களைக் காப்பாத்துது!

டப்பாவைத் திறக்காமலே ஜாதகம் பார்க்க 'சி.பி.யூ.-இசட்'னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதுல 'மெமரி' பக்கத்துல டி.டி.ஆர். எத்தனைன்னு தெரியும். 'எஸ்.பி.டி.' பக்கத்துல ஒவ்வொரு ஸ்லாட்லயும் என்ன இருக்கு, 'மெயின்போர்டு' பக்கத்துல போர்டோட மாடல் பேர். லினக்ஸ்காரங்க 'டிஎம்ஐடீகோட்' கட்டளையைத் தட்டினா போதும். மாடல் பேரை வெச்சு, அந்தக் கம்பெனி மேனுவல்ல அதிகபட்சம் எவ்வளவு ஏத்தலாம்னு பார்த்துடுங்க. எங்க எச்61 போர்டுல ரெண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜி.பி.

சிஸ்டம் ஆன் ஆகவே மாட்டேங்குதா? ரேமை வெளியே எடுத்து ஸ்டிக்கரைப் படிங்க. எங்க பழைய ரேம்ல 'பி.சி.3-10600யூ'ன்னு இருந்தது. 'பி.சி.3'ன்னா டி.டி.ஆர்.3. அடுத்த எண்ணை 8-ஆல வகுத்தா வேகம் கிடைக்கும். 10600-னா சுமாரா 1333, 12800-னா 1600. கடைசியில இருக்கிற 'யூ' சாதாரண டெஸ்க்டாப் ரேம். 'எஸ்'னா லேப்டாப், நீளத்துல பாதிதான் இருக்கும். 'ஆர்'னா சர்வர் ரேம். மலிவா கிடைக்கும், நம்ம போர்டுல வேலை செய்யாது. ஏமாந்துடாதீங்க!

வாங்கும்போது...

வேகம் கூடுதலா இருந்தா பிரச்னை இல்லை. எங்க பிராசஸருக்கு 1333-தான் உச்சம். 1600 ரேம் போட்டாலும் அது 1333-லயே ஓடும். ரெண்டு ஸ்லாட்லயும் ஒரே அளவு ரேமைப் போட்டா, 'டூயல் சேனல்'ல ரெண்டும் கைகோத்து வேகமா ஓடும்.

பழைய 'ஜி41' போர்டு வெச்சிருக்கவங்க மட்டும் கூடுதல் கவனம். 4 ஜி.பி. ரேம்னா ரெண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்கிறதா எண்ணிப் பார்த்து வாங்குங்க. 8 சிப் ரகத்தை அந்த போர்டு மதிக்காது. அதே மாதிரி, 'ஏ.எம்.டி.க்கு மட்டும்'னு பொடி எழுத்துல போட்டு விக்கிற ரேமை இன்டெல் போர்டுக்கு வாங்கிடாதீங்க.

டி.டி.ஆர்.3-யை செகண்ட் ஹேண்ட்ல வாங்கத் தயங்க வேண்டாம். ரேம்ல சுத்தற பாகம் எதுவும் இல்லை, சுலபமா தேயாது. சோதிச்சுப் பார்த்து மாத்திக்க ஒரு வாரம் டைம் மட்டும் கேட்டு வாங்கிடுங்க. நான் ரெண்டாவது முறை போனப்போ பழைய ரேமைக் கையிலயே எடுத்துட்டுப் போனேன். "இதே மாதிரி, 4 ஜி.பி., ரெண்டு"ன்னேன். ஏதோ ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின சிஸ்டத்துல இருந்து எடுத்தது... ஒண்ணு 700 ரூபாய்.

மாட்டும்போது...

பவர் ஒயரைப் பிடுங்குங்க. பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க. மிச்சம் மீதி கரன்ட்டும் வடிஞ்சிடும். கேபினட்டோட வெறும் இரும்பைத் தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க. நம்ம உடம்புல இருக்கிற நிலைமின்சாரமே சிப்பை அடிச்சிடும். ரேமை ஓரத்துல பிடிங்க, தங்க நிறப் பல்லைத் தொடாதீங்க. கிளிப்பை விரிச்சு, வெட்டையும் மேட்டையும் நேராக்கி, ரெண்டு கட்டைவிரலாலயும் சமமா அழுத்துங்க. 'டக்'னு சத்தம் வரணும்.

ஆன் பண்ணினதும் 'பீப் பீப்'னு கத்துதா? பதறாதீங்க. கழற்றி, பென்சில் ரப்பரால பல்லை மெதுவாத் தேய்ச்சு, தூளைத் தட்டிட்டு மறுபடி மாட்டுங்க. அப்பவும் கத்தினா ஒவ்வொரு ரேமா தனியாப் போட்டுப் பாருங்க. எது கோளாறுன்னு தெரிஞ்சிடும். கடைசியா 'மெம்டெஸ்ட்86+' போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்க. ஒரே ஒரு பிழை காட்டினாலும் மாத்திடுங்க.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். ரேம் ஏத்திட்டா பழசு புதுசாயிடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேம் போதும்தான், ஆனா எங்க பிராசஸரை அது சேர்த்துக்காது. ஊர்க்காரங்க ஏ.டி.எம். கார்டு நம்பரைத் தட்டற மெஷின் இல்லையா, ரிஸ்க் எடுக்க முடியாது. அதனால அதுல இப்போ 'லினக்ஸ் மின்ட்' ஓடுது. 8 ஜி.பி. ரேம்ல ஜாலியா ஓடுது.

ரெண்டு ரேமையும் மாட்டின மறுநாள் காலையில முதல் விண்ணப்பம் இருபது நிமிஷத்துல முடிஞ்சுது. அப்பா ஒண்ணும் சொல்லலை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். அந்த வாரமே என் ஃபீஸ் பணத்துல எடுத்தது திரும்பிடுச்சு.

அந்த டி.டி.ஆர்.4? நான் வெட்கத்துல ஒளிச்சு வெச்சிருந்தேன். அப்பா கண்டுபிடிச்சு, பில்லோட சுத்தி, கல்லாப்பெட்டிக்குள்ளே வெச்சுட்டார். "என்னிக்காவது புது சிஸ்டம் வாங்குவோம்ல... அப்போ போட்டுக்கலாம்"னார். 2025 கடைசியில மெமரி விலை கிடுகிடுன்னு ஏறினப்போ, அதே கடையில விலை விசாரிச்சுட்டு வந்தேன். அப்பாகிட்ட சொன்னேன். கல்லாவைத் திறந்து, அது இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கிட்டார்!

நீங்களும் ரேம் வாங்கக் கிளம்பறீங்களா? கடைக்காரர் கேட்கிற அந்த ஒரு கேள்விக்குப் பதிலோட போங்க. தெரியலைன்னா, தெரியலைன்னு சொல்லிடுங்க. 1,700 ரூபாய் மிச்சம்.

அடுத்த வாரம், பழைய ஹார்ட் டிஸ்க் 'டொக் டொக்'னு சத்தம் போட்டா என்ன செய்யணும்னு பார்ப்போம். அதுவரைக்கும்... ஃபோட்டோவையெல்லாம் காப்பி எடுத்து வெச்சுக்குங்க!