மலிவுக் கட்டில் மலிவுதானா?

செட்டிநாட்டு ஊர்களில் நேமத்தான்பட்டியும் ஒன்று. செட்டிநாட்டு வீடு என்றதும் நினைவுக்கு வருவது பர்மாத் தேக்கு!

நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், தேக்கு கப்பலில் வந்து இறங்கியது. தூண், கதவு, கட்டில், பெட்டகம் எல்லாம் அதில் செய்தார்கள். 100 ஆண்டு ஆகியும் பல சாமான்கள் அசையாமல் நிற்கின்றன. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அண்டாது.

1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. பர்மாத் தொழில் நொடித்தது. பிற்காலத்தில் பல குடும்பங்கள் வீட்டைப் பிரித்து விற்றன. தூணும் கதவும் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு வந்தன.

இன்று வேடிக்கையைப் பாருங்கள். வெளியூர்க்காரர்கள் பழைய தேக்கைத் தேடிக் காரைக்குடிக்கு வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களில் பலர் செல்போனில் மரத்தூள் பலகை வாங்குகிறார்கள்!

பெயரைக் கண்டு மயங்கலாமா?

ஆன்லைனில் வாங்குவது தவறு அல்ல. விசாரிக்காமல் வாங்குவதுதான் தவறு.

"இன்ஜினியர்டு வுட்" என்று போட்டிருப்பார்கள். ஏதோ உயர்ந்த மரம் என்று தோன்றும். மரச் சீவலையும் தூளையும் பசை விட்டு அழுத்திய பலகைக்கும் அதுதான் பெயர். தண்ணீர் உள்ளே இறங்கினால் அது உப்பிவிடும். ஒரு முறை கழன்ற திருகாணி மறுபடி இறுகப் பிடிக்காது. ஆகையால் என்ன மரம், எத்தனை கிலோ எடை, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு. 6 ஆயிரம் ரூபாய் அலமாரி 3 ஆண்டில் உடைந்தால், ஆண்டுக்கு 2 ஆயிரம் ரூபாய் செலவு. 15 ஆயிரம் ரூபாய் அலமாரி 30 ஆண்டு உழைத்தால், ஆண்டுக்கு 500 ரூபாய்தான். எது மலிவு?

அவசரம் யாருக்கு?

"இன்னும் 2 தான் பாக்கி!", "10 நிமிடத்தில் சலுகை முடிகிறது!" என்று செல்போன் விரட்டும். இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதும், கடைசியில் புதுக் கட்டணம் சேர்ப்பதும் கூடாது என்று மத்திய அரசு 2023-ல் விதி செய்திருக்கிறது. அவசரம் விற்பவருக்குத்தான். வாங்குபவருக்கு அல்ல.

வட்டி இல்லாத தவணை என்பார்கள். கிரெடிட் கார்டில் வட்டியே இல்லை என்று காட்டும் தவணைத் திட்டங்களை 2013-லேயே ரிசர்வ் வங்கி கண்டித்தது. வட்டி வேறு கட்டணத்தில் ஒளிந்திருக்கும் என்பதே காரணம். மொத்தப் பணமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்று பார்த்தால் உண்மை வெளிப்படும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

வீட்டு வாசலையும் மாடிப்படியையும் டேப் வைத்து அளக்க வேண்டும். கட்டில் உள்ளே நுழையாவிட்டால் என்ன பயன்?

கொண்டுவரும் கூலி, பூட்டித் தரும் கூலி இரண்டையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

புகழ்ந்து எழுதியவர்களை விட்டு, குறை எழுதியவர்களை முதலில் படிக்க வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அதே விலையை உள்ளூர் ஆசாரியிடம் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய தேக்குப் பலகை வாங்கிக் கொடுத்துச் செய்யச் சொன்னால் என்ன ஆகும் என்றும் விசாரிக்க வேண்டும். பழைய மரத்திலும் செல்லரித்தது, ஒட்டுப்போட்டது உண்டு. தட்டிப் பார்த்தே எடுக்க வேண்டும்.

சட்டம் துணை நிற்கும்

பழுதான பொருளையோ, சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று ஆன்லைன் வியாபாரி சொல்லக் கூடாது. இது 2020-ல் வந்த விதி. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கூறலாம். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காரைக்குடிக்காரர் பெங்களூருக்கு ஓட வேண்டாம். சொந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமும் இல்லை.

வீட்டுச் சாமான் அடிக்கடி வாங்கும் பொருள் அல்ல. தாத்தா வாங்கிய கட்டிலில் பேரன் படுத்த ஊர் இது. தவணை முடியும் முன்பே உடைகிற கட்டில் எந்த விலைக்கு வந்தாலும் நஷ்டமே!