புகை தெரியாத லாரி

டோக்கியோ ஆளுநராக இருந்த ஷின்டாரோ இஷிஹாரா 1999-ல் செய்தியாளர்கள் முன்னால் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். உள்ளே இருந்தது டீசல் வண்டிகள் கக்கிய கரித்தூள். இதைப்போல 1.2 லட்சம் பாட்டில் தூள் டோக்கியோவில் தினமும் காற்றில் கலக்கிறது என்றார். நான்கே ஆண்டுகளில், 2003 அக்டோபர் 1 முதல், டோக்கியோவும் அதை ஒட்டிய மூன்று மாகாணங்களும் வரம்பை மீறிய டீசல் லாரிகளுக்குத் தடை விதித்தன. பழைய லாரி வைத்திருப்பவர் ஒன்று புது வண்டி வாங்க வேண்டும், இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற வடிகட்டியைப் பொருத்திக்கொள்ள வேண்டும். காற்றில் கரி குறைந்தது. ஆனால் இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. 2004 இறுதியில், மிட்சுயி நிறுவனம் தன் வடிகட்டிக்கு அங்கீகாரம் வாங்கக் காட்டிய சோதனை விவரங்கள் பொய் என்பது வெளியே வந்தது. அதற்குள் அந்தக் கருவி 20,000-க்கும் மேல் விற்றிருந்தது. தாளில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. நம் நாட்டு லாரிகளைப் பற்றிப் பேசும்போது இஷிஹாராவின் பாட்டிலைவிட இந்த இரண்டாம் பகுதிதான் நமக்கு அதிகம் உதவும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புது லாரி, பஸ் எல்லாம் பி.எஸ்.-6, அதாவது பாரத் ஸ்டேஜ் புகை வரம்பின் ஆறாம் படி. நான்காம் படியிலிருந்து ஐந்தைத் தொடாமல் ஆறுக்குத் தாவினோம். தாவியது சரிதான். ஒரு கிலோவாட்-மணி வேலைக்குக் கனரக எஞ்சின் வெளிவிடலாம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமுக்கு இறங்கியது. கரித்துகளின் எடைக்கு மட்டும் இருந்த வரம்பு, எண்ணிக்கைக்கும் வந்தது. டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.-லிருந்து 10 ஆனது. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைக் கந்தகம் கெடுத்துவிடும் என்பதால் அதைக் குறைக்காமல் மற்ற எதையும் செய்திருக்க முடியாது. 2017-ல் பி.எஸ்.-4 வந்தபோது அசோக் லேலண்ட், புகையைச் சுத்தம் செய்ய யூரியா ஊற்றத் தேவையில்லாத எஞ்சின் என்பதையே தன் லாரியின் சிறப்பாகச் சொல்லி விற்றது. ஆறாம் படியில் கனரக லாரிகளுக்கு அந்த வசதி போய்விட்டது. எஞ்சினை மட்டும் திருத்தி இந்த எண்களை எட்டுவது கடினம். எஞ்சினை விட்டு வெளியேறும் புகையைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆகவே இன்று லாரியில் சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு குட்டி ரசாயன ஆலையே தொங்குகிறது. முதலில் ஒரு வினையூக்கி, எரியாமல் வந்த எரிபொருள் மிச்சத்தை எரிக்கிறது. அடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக வாய் அடைக்கப்பட்ட நுண்குழாய்கள் கொண்ட பீங்கான் கட்டி. குழாய்க்குள் நுழைந்த புகை பக்கத்துச் சுவரின் துளைகள் வழியாகத்தான் வெளியே போக முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். எண்ணிக்கையில் 100-க்கு 99 துகளை இது பிடித்துவிடும். சேர்ந்த கரியை அவ்வப்போது 600 டிகிரி வரை சூடேற்றி எரிக்க வேண்டும். அதற்குப் பிறகு, 32.5 சதவீத யூரியா கலந்த, தாது நீக்கிய தண்ணீர் பூந்தூறலாகப் புகையில் தெளிக்கப்படுகிறது. சூட்டில் அது அமோனியாவாக உடைந்து, நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளென்று 2012-ல் உறுதிசெய்தது. அதே புகையை இந்த அளவுக்கு வெளுக்கவைக்க முடிகிறது என்பது சாதாரண விஷயமில்லை. கருவியின் மீது நமக்குக் குறையில்லை.

குறை, கருவி பொருத்தப்பட்ட பிறகு அதை யாரும் கவனிப்பதில்லை என்பதில்தான். 2023 ஏப்ரலிலிருந்து தயாரிப்பாளர்கள் வண்டியைச் சாலையிலும் ஓட்டி அளந்துகாட்ட வேண்டும். ஆனால் ஷோரூமை விட்டு வெளியே வந்தபின் அந்த வண்டிக்கு மிச்சமிருப்பது புகைச் சான்று மட்டுமே. அங்கே வண்டியை நிறுத்திவைத்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி, குழாயில் சொருகிய மீட்டரில் புகை எவ்வளவு அடர்த்தி என்று பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்கும் தெரியாது, அந்த மீட்டருக்கும் தெரியாது. இன்றைய எஞ்சின் கரும்புகை விடுவதே அபூர்வம் என்பதால், வடிகட்டி விரிசல் விட்டிருந்தாலும், உள்ளே இருந்ததை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்திருந்தாலும் சான்று கிடைத்துவிடக்கூடும். யூரியா ஊற்றாமலே ஊற்றியதாக எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும் சிறு பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு. இது ஏதோ நம் ஊர்க் குறுக்குபுத்தி என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் இதே பெட்டிகள் பிடிபட்டன.

ஐரோப்பா இதற்கு என்ன செய்தது என்பதைப் பார்க்கலாம். யூரோ-5 வரம்புப்படி வந்த லாரிகள் ஆய்வகத்தில் நல்ல பிள்ளையாக இருந்தன. நகருக்குள் நின்று நின்று போகும்போது நைட்ரஜன் ஆக்சைடை அளவுக்கு மீறிக் கக்கின. புகை 200 டிகிரிக்குக் கீழே ஆறிவிட்டால் யூரியா வேலை செய்யாது என்பது காரணம். துறைமுக வாசலில் மணிக்கணக்காக ஊர்ந்து நிற்கும் கன்டெய்னர் லாரியை நினைத்துக்கொண்டால் இது புரியும். யூரோ-6-ல் சாலைச் சோதனையைக் கொண்டுவந்து இதைப் பெரும்பாலும் சரிசெய்தார்கள். பிறகு, அடர்த்தியைப் பார்க்கும் பழைய மீட்டர் வடிகட்டி உள்ள வண்டிக்கு உதவாது என்று ஒப்புக்கொண்டு, துகள்களை எண்ணும் கருவியை வழக்கமான வண்டிச் சோதனைக்கே கொண்டுவந்தார்கள். பெல்ஜியம் 2022 ஜூலையிலும், நெதர்லாந்து 2023 ஜனவரியிலும், ஜெர்மனி 2023 ஜூலையிலும் தொடங்கின. எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயில் சொருகி எண்ணிவிடலாம். வடிகட்டி இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லாத வித்தியாசத்தை அந்த எண் காட்டிவிடும். நம் புகைச் சான்றிலும் பி.எஸ்.-6 டீசல் வண்டிகளுக்கு இந்த எண்ணிக்கை வர வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர் சேர்த்துவைத்திருக்கும் பிழைக் குறிப்புகளையும் கூடவே படிக்க வேண்டும் என்பது நம் கட்சி.

லாரி உரிமையாளர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள். கோபத்தில் நியாயமும் உண்டு. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒன்றிரண்டு லாரி வைத்துக்கொண்டு தவணை கட்டுபவருக்கு, பாதி வழியில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி இழுக்காமல் நின்றுபோனால் அன்றைய நடையே நஷ்டம். வடிகட்டி மாற்றும் செலவு பெரியது. 100 லிட்டர் டீசலுக்குச் சுமார் 5 லிட்டர் யூரியா திரவம் வேண்டும். சாலையோரத்தில் விற்கும் கேனில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது. வயல் யூரியாவை போர் தண்ணீரில் கரைத்து விற்றால், 2015 முதல் நம் யூரியா முழுவதிலும் பூசப்படும் வேப்பெண்ணெயும், தண்ணீரின் உப்பும் சேர்ந்து தெளிப்பானை அடைத்து வினையூக்கியைப் பாழாக்கும். அதற்கான செலவு வாங்கியவர் தலையில் விழுகிறது. எனவே சோதனை வாகன உரிமையாளரிடமிருந்து மட்டும் தொடங்கக் கூடாது. கேனில் விற்கும் திரவத்தை மாதிரி எடுத்துப் பார்ப்பதும் அதே சோதனையின் பகுதியாக வேண்டும். மிகக் கனமான லாரிகளில் இந்தக் கருவிகள் 7 லட்சம் கிலோமீட்டர் அல்லது 7 ஆண்டு தாங்கும் என்று காட்டித்தான் தயாரிப்பாளர் ஒப்புதல் வாங்குகிறார். அரசிடம் சொன்ன அந்தக் கணக்கையே வாங்குபவருக்கு உத்தரவாதமாக எழுதிக்கொடுக்கச் சொன்னால், வெட்டி எடுக்கும் ஆசையில் பாதி தானாகக் குறையும். ஒழுங்காக யூரியா ஊற்றி ஓட்டும் உரிமையாளரின் பக்கத்திலும் நின்று பாருங்கள். பெட்டி மாட்டியவர் வாடகையைக் குறைத்து லோடைத் தட்டிக்கொண்டு போகிறார். சோதனை இல்லாத சந்தை நேர்மையானவரைத்தான் முதலில் தண்டிக்கிறது.

மின்சார லாரி வந்துவிடும், இந்தச் சைலன்சர் விவகாரத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பவர்களும் உண்டு. வரட்டும். ஆனால் இன்று விற்கும் டீசல் லாரி பதினைந்து ஆண்டாவது ஓடும். அதுவரை நாம் சுவாசிப்பது அதன் புகையைத்தான். பழைய பி.எஸ்.-3 வண்டிகள்தான் அதிகம் கக்குகின்றன என்பது இதைவிடக் கனமான வாதம்; உண்மையும்கூட. அவற்றைக் கழித்துக்கட்டத்தான் வேண்டும். ஆனால் பழையதைக் கழித்து அந்த இடத்தில் வடிகட்டி பிடுங்கிய புதியதை வாங்கினால் காற்றுக்கு என்ன லாபம்?

புகைச் சோதனை விதிகள் மத்திய அரசின் கையில் இருக்கின்றன, மாநிலம் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி வரும். தமிழகப் போக்குவரத்துக் கழகங்களிடம் ஏறத்தாழ 20,000 பஸ்கள் இருக்கின்றன. 2020-க்குப் பின் வாங்கிய டீசல் பஸ்கள் அனைத்தும் பி.எஸ்.-6. சொந்தப் பணிமனையில் சொந்த பஸ்ஸின் குழாயில் துகள் எண்ணும் கருவியைச் சொருக எந்த விதியும் தடையில்லை. எத்தனை பஸ்ஸில் வடிகட்டி கெட்டிருந்தது, எந்தப் பணிமனை, எத்தனை நாளில் சரிசெய்தார்கள் என்ற கணக்கை மாதாமாதம் வெளியிடட்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தனியார் லாரிக்காரரிடமும் போகலாம், விதியைத் திருத்தச் சொல்லி டெல்லிக்கும் போகலாம்.