முகம் தெரியாதவர் திமிர் பிடித்தவரா?



கல்யாண வீட்டில் நேருக்கு நேர் வந்தும், ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போன உறவினர் ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருப்பார். "பட்டணம் போனதும் கண் தெரியவில்லை போலிருக்கிறது" என்று நாமும் முணுமுணுத்திருப்போம். எங்கள் வீட்டில் அப்படிப் பேச்சு வாங்கியவர் என் அத்தை.

அத்தை தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் யார் எங்கே நிற்பார், லயத்தில் எந்தக் கதவு யாருடையது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறகு குடும்பம் தோட்டத்தை விட்டுப் பழைய கிள்ளான் சாலைப் பக்கம், கம்போங் மேடானுக்குக் குடிவந்தது. அங்கே ஒருநாள் காலைச் சந்தையில் சொந்த நாத்தனாரையே யாரோ என்று நினைத்து விலகிப் போய்விட்டார். அந்த நாத்தனார் ஆறு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. "ஒரு குரல் கொடுத்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று அத்தை அழுதார். அதைச் சாக்கு என்றே நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

அது சாக்கு அல்ல என்று இப்போது தோன்றுகிறது. முகத்தைக் கண்டு ஆளை அறிய முடியாத குறை ஒன்று உண்டு. 1947-இல் யோவாகிம் போடாமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதற்குப் 'புரோசோபக்னோசியா' என்று பெயர் வைத்தார். நாம் முகமறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணில் கோளாறு இல்லை. மூக்கு தெரியும், வாய் தெரியும், சிரிப்பதும் தெரியும். அது யாருடைய முகம் என்பது மட்டும் பிடிபடாது. சிலருக்கு இது தலையில் அடிபட்டோ, பக்கவாதத்தாலோ வருகிறது. சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. குடும்பத்தில் தொடர்ந்தும் வரும். நூற்றுக்கு இரண்டு பேர் வரை இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அவர்களுக்கே இந்தக் குறை இருந்தது. அவருக்கு முகம் மட்டுமல்ல, பழகிய தெருக்கூடப் பிடிபடாது. தம் வீட்டருகிலேயே வழி தவறியிருக்கிறார்.

இங்கேதான் ஒரு கேள்வி. முகம் தெரியாதவருக்கு மற்றப் பொருள்களும் தெரியாமல் போகுமா?

இங்கிலாந்தில் ஒருவருக்குக் குடல்வால் அறுவைக்குப் பின் பக்கவாதம் வந்தது. அவரைப் பற்றி ஹம்ஃப்ரீஸ், ரிடோக் என்ற இரு அறிஞர்கள் 1987-இல் ஒரு புத்தகமே எழுதினார்கள். மனைவியின் முகம் அவருக்குத் தெரியவில்லை. குரல் கேட்டால் தெரிந்தது. காரட் படத்தைக் காட்டினால், ஏதோ ஒருவகைத் தூரிகையோ என்றார். பார்த்த படத்தை அப்படியே வரையும் கை மட்டும் இருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் வி. எஸ். ராமச்சந்திரனும் இவர் கதையைத் தம் நூலில் சொல்கிறார். ஆக, இவருக்கு முகமும் பொருளும் சேர்ந்தே போயின.

ஆனால் எல்லாருக்கும் அப்படி அல்ல. 1993-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் வருபவர் பக்கவாதத்துக்குப் பின் ஆடு வளர்க்கத் தொடங்கியவர். மனித முகம் அவருக்குப் பிடிபடவில்லை. தம் ஆடுகளை முகம் பார்த்தே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார்! 1984-இல் எழுதப்பட்ட இன்னொரு விவசாயியின் கதை நேர்மாறு. மனித முகம் அவருக்குத் திரும்பி வந்தது, தம் மாடுகளைத்தான் அடையாளம் தெரியவில்லை. கனடாவில் விபத்தில் அடிபட்ட ஒருவருக்குப் பொருள்கள் தெரியாமல் போய், முகங்கள் மட்டும் நன்றாகத் தெரிந்தன என்று 1997-இல் எழுதினார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்து, முகத்துக்கென்றே மூளையில் தனி இடம் உண்டு என்கிறார்கள் ஒரு சாரார். மூளையின் அடிப்பக்கத்தில், முக்கியமாக வலப்புறத்தில், முகம் பார்க்கும்போது சுறுசுறுப்பாகும் பகுதியை 1997-இல் படம்பிடித்தும் காட்டினார்கள். மறு சாராரோ, அது பழக்கத்தின் இடம் என்கிறார்கள். பறவைகளிலும் கார்களிலும் கைதேர்ந்தவர்களுக்கு அவற்றைப் பார்க்கும்போதும் அதே பகுதி வேலை செய்ததாக 2000-இல் காட்டினார்கள். பிறவிக் குறை உள்ள 238 பேரைப் பற்றிய பழைய ஆய்வுகளை 2018-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், நூற்றுக்கு எண்பது பேருக்குப் பொருள்களிலும் ஓரளவு தடுமாற்றம் இருந்தது. வழக்கு இன்னும் தீரவில்லை.

என் அத்தையை எந்த மருத்துவரும் சோதித்ததில்லை. ஆனால் இவற்றைப் படிக்கும்போது அவர் நினைவுதான் வருகிறது. தோட்டத்தில் வளர்த்த மாடுகளை ஒன்று மாறாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கம்போங் மேடானில் மகனின் காரையோ எண்ணைப் படித்துத்தான் கண்டுபிடிப்பார். தோட்டத்தில் ஆளை அறிய முகம் தேவைப்படவில்லை. நின்ற இடமும், நடையும், தலையில் கட்டிய துணியும் போதுமாயிருந்தன. பட்டணத்தில் அந்த ஊன்றுகோல் பறிபோனது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், பார்த்தவுடன் பெயரையும் உறவையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். "நான் யார், சொல் பார்க்கலாம்" என்று சோதிக்காதீர்கள். பள்ளியில் சீருடை போட்ட பிள்ளைகளுக்கு நடுவே தோழியைத் தேடித் திணறும் குழந்தையை மக்கு என்று திட்டாதீர்கள். வகுப்பாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இதற்கு மருந்து இல்லை. ஆனால் குரல், நடை, முடி, கண்ணாடி என்று வேறு அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே வாழ முடியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நேற்றுவரை எல்லாரையும் தெரிந்தவருக்கு இன்று திடீரென்று முகமோ பொருளோ தெரியாமல் போனால், அது பக்கவாதமாக இருக்கலாம். காற்று கருப்பு என்று மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நாத்தனார் கடைசியில் வந்தார், அத்தையின் சாவுக்கு. அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சுவார்த்தை அறுந்திருந்தால், இந்த வாரமே போய்க் கதவைத் தட்டுங்கள். தட்டும்போது, "அண்ணி, நான்தான்" என்று குரலும் கொடுங்கள்.