முப்பது நாள் விதியைக் கைவிட வேண்டாம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வங்கதேசம், மியான்மரிலிருந்து சட்டவிரோதமாக வந்தவர்கள் என்று சந்தேகிக்கப்படுவோரை 30 நாளுக்குள் விசாரித்துச் சரிபார்க்கும்படி உள்துறை அமைச்சகம் 2025 மே மாதம் மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது. அத்துமீறி நுழைந்தவரைக் கண்டறிவது அரசின் உரிமை; அதில் தகராறு இல்லை. எப்படிக் கண்டறிவது என்பதுதான் கேள்வி.

டெல்லியில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அங்கே குப்பை சேகரித்துப் பிழைத்துவந்த, மேற்கு வங்கத்தின் பீர்பூமைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை, வங்கதேசத்தவர் என்று சந்தேகித்து அந்நகரக் காவல்துறை அதே ஆண்டு ஜூன் மாதம் பிடித்தது. 26-ஆம் தேதிக்குள் கர்ப்பிணிப் பெண், கணவர், எட்டு வயது மகன் மூவரும் வங்கதேச எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார்கள். அங்கே அத்துமீறி வந்த இந்தியர்கள் என்று சிறை வைத்தார்கள்! பெண்ணின் தந்தை ஆட்கொணர்வு மனுவுடன் கல்கத்தா உயர் நீதிமன்றம் போனார். மேற்கு வங்கப் புலம்பெயர் தொழிலாளர் நல வாரியம் துணை நின்றது. அமைச்சக உத்தரவின் 30 நாள் விசாரணை விதியை மீறி அவசரப்பட்டதாகக் கண்டித்த நீதிமன்றம், செப்டம்பர் 26 அன்று நாடுகடத்தலை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தாயும் மகனும் திரும்பி வருவதற்குள் டிசம்பர் ஆகிவிட்டது.

அதே உயர் நீதிமன்றத்தின் சர்க்யூட் பெஞ்ச்தான் நம் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்திலும் அமர்கிறது.

வங்க மொழி பேசுவதையே சந்தேகத்துக்குக் காரணமாக்கினால் தீவில் யார் மிஞ்சுவார்? 2011 கணக்கெடுப்பின்படி இங்கே நான்கில் ஒருவருக்கு மேல் வங்காளி. கிழக்கு வங்க அகதிகளை 1949 முதல் கப்பலேற்றி அழைத்துவந்ததே அரசுதான். மாயாபந்தர் பக்கத்துக் கரேன் மக்கள் 1925-இல் பர்மாவிலிருந்து குடியேறியவர்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் சிலர் கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். 2004 சுனாமி அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. வீடே போன இடத்தில் பெட்டியில் வைத்த பழைய பாஸ்போர்ட்டை எங்கே தேடுவது?

ஆவணம் இல்லாததன் விலை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஸ்ரீ விஜயபுரம் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட்டுக்குத் தீவுவாசிக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு வேறு. கவுன்டரில் ஐலண்டர் கார்டை நீட்டினால் சலுகை. அதை எடுக்காமல் விட்டவர் கூடுதல் பணம் கட்டுவதோடு தப்பிவிடுவார். காவல் நிலையத்தில் அப்படித் தப்ப முடியாது.

காவல்துறைக்கு வேறு வழியும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை 1979-லேயே, குடியுரிமையை அறிவதற்காக மட்டும் யாரையும் நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்று தன் ஆட்களுக்கு உத்தரவிட்டது. நாடு கடத்திவிடுவார்கள் என்ற பயம் வந்தால் திருட்டுக் கொடுத்தவரும் அடிபட்ட பெண்ணும் புகார் கொடுக்க வரமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு.

இன்னொரு விஷயம், கடல். 2008 டிசம்பரில் தாய்லாந்து விரட்டிவிட்ட ரோஹிங்யாப் படகுகளில் வந்தவர்களை இதே தீவுகளுக்கு அருகில் இந்தியக் கடலோரக் காவல் படை மீட்டது. 2025 மே மாதமோ, டெல்லியில் பிடிக்கப்பட்ட சுமார் 40 ரோஹிங்யாக்கள் அந்தமான் வழியாகக் கொண்டுசெல்லப்பட்டு மியான்மர் கரையருகே கடலில் இறக்கிவிடப்பட்டதாகப் புகார் எழுந்தது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் விசாரணை தொடங்கினார். உச்ச நீதிமன்றம் ஆதாரம் கேட்டது. புகார் பொய்யென்றால் அதைக் காட்டத் தங்கள் பதிவேடுகளே போதும்.

ஆகவே நான்கு கோரிக்கைகள். சந்தேகத்தின் காரணத்தை எழுத்தில், அவரவர் மொழியில் கொடுங்கள். சொந்த மாநிலத்தின் பதில் வரும்வரை யாரையும் தீவை விட்டு அனுப்பாதீர்கள். ஒருவரைப் பிடித்தால் சட்ட உதவி மையத்துக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். புகார் கொடுக்க வருகிறவரிடம் குடியுரிமைச் சான்று கேட்கக் கூடாது என்று டிக்லிபூர் முதல் கேம்பல் பே வரை எல்லாக் காவல் நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பி, அதை வாசலிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.